டேபிள்டாப் ஆட்டத்துக்குப் பின்னணி இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அன்றிலிருந்து இந்த வகை ஆட்டங்களின் அடிப்படை ஒன்றுதான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள், ஒருவர் கதையை நடத்துகிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுகிறார்கள், முடிவு தெரியாத இடத்தில் பகடையை உருட்டுகிறார்கள். கதையை நடத்துபவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். அரண்மனையும் டிராகனும் கண்ணுக்குத் தெரிவதில்லை, எல்லாம் பேச்சிலேயே எழும்பி நிற்கின்றன. அந்தப் பேச்சுக்கு அடியில் என்ன இசையை ஓடவிடுவது என்று புதிதாக ஆட்டம் நடத்துபவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

இசை கட்டாயம் வேண்டுமா?

வேண்டாம். இசையே இல்லாமல் அருமையாக நடக்கும் ஆட்டங்கள் ஏராளம். நீங்கள் இப்போதுதான் டி.எம். ஆகியிருக்கிறீர்கள் என்றால் முதல் சில வாரங்களுக்கு இதைத் தள்ளிப்போடுங்கள். விதிகளையும் ஆட்டக்காரர்களையும் சமாளிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

ஆனால் இசை மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. ஆபீஸ் முடிந்து டிராஃபிக்கில் நின்று வந்து உட்கார்ந்தவர்கள் கதைக்குள் நுழையக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒவ்வொரு வாரமும் ஆட்டம் தொடங்கும்போது ஒரே இசையைப் போட்டுப் பாருங்கள். சில வாரங்களில் அது மணியடித்த மாதிரி ஆகிவிடும்: முதல் சில நொடிகளிலேயே அரட்டை அடங்கும், போன்கள் கீழே போகும், 'போன வாரம் எங்க விட்டோம்?' என்று யாராவது கேட்பார்கள். முதலில் இதை மட்டும் செய்தால்கூடப் போதும்.

இது புதுப் பழக்கமா?

இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை அப்போது வெளியிட்டுவந்த டி.எஸ்.ஆர். நிறுவனம் 1994-இல் புது ஆட்டக்காரர்களுக்காக 'ஃபர்ஸ்ட் குவெஸ்ட்' என்ற பெட்டியை ஆடியோ சி.டி.யோடு சேர்த்தே விற்றது. 2003-இல் மிட்நைட் சிண்டிகேட் என்ற அமெரிக்க இசைக்குழு அதிகாரபூர்வ உரிமத்தோடு இந்த ஆட்டத்துக்கென்றே ஓர் ஆல்பம் போட்டது. சி.டி.யின் இடத்துக்கு இப்போது பிளேலிஸ்ட் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கிருந்து தொடங்குவது? காடு, குகை, நகரம் என்று இடத்துக்கு ஒரு பிளேலிஸ்ட் வேண்டுமா?

இடத்தை வைத்துப் பிரிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நடைமுறையில் அது உதவுவதில்லை. காலையில் சிரித்துப் பேசிக்கொண்டு கடக்கும் காடும், ராத்திரியில் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று தெரிந்து ஓடும் காடும் ஒரே இடம்தான். 'காடு' என்று பெயர் வைத்த பட்டியலில் இரண்டுக்கும் பொருந்தும் பாட்டு எப்படி இருக்கும்?

மனநிலையை வைத்துப் பிரியுங்கள். பயணம், நிம்மதி, பதற்றம், சண்டை, துயரம் என்று ஐந்து இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது நிமிட இசை போதும். ஐந்துமே அதிகம் என்று தோன்றினால் நிம்மதி, பதற்றம், சண்டை என்ற மூன்றோடு தொடங்குங்கள்.

இந்த மூன்றில் பதற்றத்துக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். எல்லோரும் சண்டை இசையைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். ஆனால் ஆட்டத்தில் பெரும்பாலான நேரம் 'அந்தக் கதவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது' என்ற நிலையிலேயே ஓடுகிறது. பொறி இருக்கிறதா என்று தரையைத் தட்டிப் பார்ப்பது, பிரபுவிடம் பொய் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பது, காவலாளி தூங்கிவிட்டானா என்று காத்திருப்பது எல்லாம் பதற்றம்தான். மெதுவான, மெட்டு அதிகம் இல்லாத, அடியில் ஒரு சுருதி நீண்டுகொண்டே போகிற இசையாகப் பார்த்து நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாட்டு சரிவருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். எங்காவது உங்கள் குரல் தானாக உயர்ந்தாலோ, படிக்கும் வரியை விட்டுவிட்டு இசையைக் கேட்கத் தொடங்கினாலோ அந்தப் பாட்டு வேண்டாம். தனியாக ஹெட்போனில் கேட்டு, 'ஆஹா' என்று பிடித்துப்போய்ச் சேர்த்த பாட்டுகள்தான் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். அவை முழுக் கவனத்தையும் கேட்கும் இசை. மேசையில் அந்தக் கவனம் பேசுகிற ஆளுக்குப் போக வேண்டும்.

வரிகள் உள்ள பாட்டைப் போடலாமா?

நமக்குப் புரிகிற மொழியில் என்றால் வேண்டாம். காதில் விழும் சொல்லை மூளை சும்மா விடாது. பியர் சலாமே, ஆலன் பேட்லி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், எண் வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள முயன்றவர்களை வெறும் வாத்திய இசையைவிடக் குரலோடு வந்த பாட்டு அதிகம் குழப்பியது தெரியவந்தது. நம் மேசையிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான் நடக்கிறது. எத்தனை உயிர்ப்புள்ளி (பாத்திரம் இன்னும் எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) மிச்சம், பகடையில் விழுந்ததோடு எதைக் கூட்டணும், டி.எம். சொன்ன பெயர் என்ன என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

புரியாத மொழியில் மெதுவாகப் பாடும் குழுப்பாடல் வேறு கதை. 12-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் இயற்றிய லத்தீன் பாடல்கள் பழைய கோயில், மடம், கல்லறை மாதிரி இடங்களுக்கு அவ்வளவு பொருந்தும். குரல் அங்கே வாத்தியம் மாதிரித்தான் காதில் விழுகிறது.

தமிழ் சினிமா பின்னணி இசை?

நம் ஊர் மேசைகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. என் பதில்: மேசையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த இசை எதுவானாலும் தவிர்த்துவிடுங்கள். குறை இசையில் இல்லை. அது ஏற்கனவே வேறொரு கதைக்குச் சொந்தமாகிவிட்டது. முதல் நான்கு சுரம் வந்ததுமே ஒருவர் படத்தின் பெயரைச் சொல்வார், இன்னொருவர் அந்த வசனத்தைப் பேசிக் காட்டுவார், உங்கள் கதையின் மந்திரவாதி கவனிப்பாரில்லாமல் ஓரமாக நிற்பார். ஹாலிவுட் ஃபேன்டசி படங்களின் புகழ்பெற்ற இசைக்கும் இதே கதிதான்.

நம் வாத்தியங்களையே ஒதுக்கச் சொல்லவில்லை. அவை நம் காதில் என்ன நினைவைக் கிளப்பும் என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். நாதஸ்வரமும் தவிலும் கேட்டால் நமக்குக் கல்யாணமும் கோயில் திருவிழாவும்தான். கதையில் முடிசூட்டு விழா வரும்போது போட்டுப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது. தாளம் இல்லாமல் மெதுவாக விரியும் வீணை அல்லது புல்லாங்குழல் ஆலாபனை, நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேசும் காட்சிகளுக்கு மிக நன்றாக இருக்கும். சுபபந்துவராளி மாதிரி ராகத்தைத் துயரப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அரக்கர் கூட்டமோ காட்டுமிராண்டிகளோ வரும்போது பறையைப் போடாதீர்கள். அந்தக் கருவியை வாசிப்பவர்கள் பட்ட அவமானம் போதும். போர் முரசு வேண்டுமென்றால் உங்கள் வீரர்கள் அணிவகுக்கும் காட்சியில் பறை முழங்கட்டும்.

சண்டைக்கு எந்த மாதிரி இசை?

இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு சுற்று, அதாவது சண்டையில் எல்லோருக்கும் ஒருமுறை வாய்ப்பு வந்து முடிவது, கதைக்குள் 6 நொடி. மேசையில் அப்படி இல்லை. ஐந்து ஆட்டக்காரர்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம், எதிரிகளுக்கு டி.எம். எடுக்கும் மூன்று நான்கு நிமிடம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்குப் பதிமூன்று பதினான்கு நிமிடம் ஓடிவிடும். நான்கு சுற்றில் சண்டை முடிந்தால் கதைக்குள் 24 நொடி, நமக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இப்போது இணையத்தில் 'எபிக் சண்டை இசை' என்று கிடைப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் சினிமா டிரெய்லருக்காகச் செய்தவை. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் மெதுவாக ஏறி, உச்சம் தொட்டு, முடிந்துவிடும். அதில் ஒன்றை லூப்பில் போட்டால் அந்த ஒரு மணி நேரத்தில் இருபது தடவைக்கு மேல் உச்சம் வரும். அதுவும் எப்போது வரும்? ஒருவர் மந்திரத்தின் விவரத்தைப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்கும்போது. எதிரியின் தலையில் வாள் இறங்கும் நொடியில் ஒரு மெல்லிய வயலின் வாசித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே சண்டைப் பட்டியலின் பெரும்பகுதி நடுத்தர வேகத்தில், நிதானமான தாளத்தோடு, பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கட்டும். உச்சம் உள்ள இசையைத் தனியாக எடுத்துவைத்து, சண்டையில் இரண்டே இடத்தில் பயன்படுத்துங்கள். 'இனிஷியேட்டிவ் போடுங்க' என்று, சண்டையில் யார் முதலில் என்று முடிவுசெய்யும் பகடையை உருட்டச் சொல்லும் அந்தக் கணம் ஒன்று. அதற்கு முன்பே இசையை மாற்றினால் பதுங்கியிருக்கும் எதிரியை நீங்களே காட்டிக்கொடுத்ததாகிவிடும். முதல் சுற்று முடிந்ததும் சத்தமில்லாமல் நடுத்தர இசைக்கு இறங்கிவிடுங்கள். இன்னொரு இடம், பெரிய எதிரியின் உயிர்ப்புள்ளி பாதியாகும்போது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் இந்த நிலைக்கு 'ப்ளடீட்' என்று பெயர் இருந்தது, 2024 விதிப்புத்தகத்தில் அது திரும்பி வந்திருக்கிறது. நீங்கள் வாயைத் திறக்காமலேயே, இசை மாறியதும் எல்லோருக்கும் நிலைமை புரியும். களைத்துப்போன ஆட்டக்காரர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

மேற்கத்திய செவ்வியல் இசையில் ஹோல்ஸ்ட் என்ற இசையமைப்பாளரின் 'மார்ஸ்' பலருக்கும் நினைவுக்கு வரும். 1914-இல் எழுதியது. பெரும்பகுதி ஐந்து தட்டுத் தாளத்தில் விடாமல் இடித்துக்கொண்டே போகும். படை நெருங்கி வருவதைக் கோட்டைச் சுவரில் நின்று பார்க்கும் காட்சிக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் கேட்டதில்லை. சண்டை தொடங்கியபிறகு வேண்டாம், அது பேச்சை அமுக்கிவிடும்.

வால்யூம் எவ்வளவு வைப்பது?

நினைப்பதைவிடக் குறைவாக. இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்க வகுத்திருக்கும் டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையில் ஒரு அளவு இருக்கிறது: பேச்சைவிடப் பின்னணிச் சத்தம் குறைந்தது 20 டெசிபல் கீழே இருக்க வேண்டும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். அப்படியானால் இசை 40 பக்கம் நிற்க வேண்டும். போனில் சத்தத்தை அளக்கும் செயலி ஏதாவது ஒன்றைப் போட்டுப் பாருங்கள், 40 எவ்வளவு குறைவு என்று தெரியும். சண்டையின் முதல் நிமிடத்தில் கொஞ்சம் ஏற்றலாம், பேச ஆரம்பித்ததும் இறக்கிவிடுங்கள். யாராவது 'என்ன சொன்னீங்க?' என்று இரண்டு தடவை கேட்டுவிட்டால் இசை அதிகம் என்று அர்த்தம். மின்விசிறியும் ஏ.சி.யும் ஓடும்போதே வால்யூமைச் சரிபார்க்கவும்.

ஸ்பீக்கரை வைக்கும் இடமும் முக்கியம். மேசை நடுவில் வைக்காதீர்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். அரை மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் இரண்டு மீட்டரில் இருப்பவருக்கும் 12 டெசிபல் வித்தியாசம். அறைக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் இது கொஞ்சம் குறையும், இருந்தாலும் ஒருவருக்கு இரைச்சல், இன்னொருவருக்கு ஒன்றுமே கேட்காது. எல்லோரிடமிருந்தும் கிட்டத்தட்ட ஒரே தூரம் வரும்படி அலமாரி மேலேயோ டி.எம். பின்னால் சற்றுத் தள்ளியோ வையுங்கள்.

இன்னொரு தொல்லை, ஒரு பாட்டு முணுமுணுக்கும், அடுத்தது அலறும். ஸ்பாட்டிஃபையில் இதைச் சமன்செய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது. உங்களிடம் கோப்புகளாக இருந்தால் இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு சாயங்கால வேலை, ஆனால் அதற்கப்புறம் ஆட்டத்தின் நடுவில் வால்யூம் பட்டனைத் தேடி ஓட வேண்டியதில்லை.

வீடியோ கேம் இசை நல்லதா, சினிமா இசை நல்லதா?

வீடியோ கேம் இசை. ஐயமே இல்லை. சினிமா இசை, காட்சி எங்கே வெட்டப்படுகிறதோ அங்கே திரும்பும். அந்தக் காட்சி இல்லாமல் கேட்டால் காரணமில்லாமல் எகிறுவதுபோல் இருக்கும். கேம் இசையமைப்பாளர்களோ, ஆடுபவர் எவ்வளவு நேரம் அங்கேயே சுற்றுவார் என்று தெரியாமல் எழுதுகிறார்கள், நம் நிலைமையும் அதேதான். அதனால் இசை முடியும் இடம் காதுக்குத் தெரியாமல் தொடக்கத்தோடு இணையும்படி எழுதுகிறார்கள். லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கனல் இருவரும் உருவாக்கிய ஐம்யூஸ் என்ற முறை 1991-லேயே ஆட்டத்தின் போக்குக்கு ஏற்ப இசையைத் தடங்கல் இல்லாமல் மாற்றியது.

2011-இல் வந்த ஸ்கைரிம் விளையாட்டுக்கு ஜெரமி சூல் போட்ட இசைத்தொகுப்பில் 42 நிமிடம் ஓடும் சூழல் இசை ஒன்று இருக்கிறது. பயணம், ஓய்வு, இரவுக் காவல் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றையே வைத்து ஒரு கேம்பைனை, அதாவது வாரக்கணக்கில் தொடரும் ஒரு முழுக் கதையை, ஓட்டிவிடலாம். உங்கள் ஆட்டக்காரர்கள் ஸ்கைரிமில் ஊறியவர்கள் என்றால் மட்டும் வேறு தேடுங்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

மதுக்கூடம், சந்தை, திருவிழா?

'டேவர்ன் மியூசிக்' என்று தேடினால் மணிக்கணக்கில் கிடைக்கும், பாதிக்கு மேல் ஒன்றுபோலவே இருக்கும். உண்மையான பழைய இசை பக்கம் போய்ப் பாருங்கள். லண்டனில் ஜான் பிளேஃபோர்டு 1651-இல் அச்சிட்ட நடன மெட்டுத் தொகுப்பை இன்றும் பல குழுக்கள் வாசிக்கின்றன. குடித்துவிட்டு மேசையைத் தட்டும் கூட்டத்துக்கு அதில் நிறையக் கிடைக்கும். 13-ஆம் நூற்றாண்டில் காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ அவையில் தொகுத்த 'காண்டிகாஸ்' நானூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். அவற்றின் வாத்தியப் பதிவுகள் சந்தைக்கும் யாத்திரிகர் கூட்டத்துக்கும் பொருந்தும். கூடவே மெலிதாகக் கூட்டச் சத்தம் ஓடினால் போதும்.

மழை, காற்று, நெருப்பு போன்ற ஒலிகளை இசையோடு சேர்க்கலாமா?

சேர்க்கலாம், பல நேரம் இசையைவிட இவையே நன்றாக வேலை செய்யும். குகைக்குள் சொட்டும் தண்ணீர் மட்டும் தனியாக ஓடினால் யாரும் இசையைத் தேட மாட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள்.

மழையில் மட்டும் கவனம். அது எல்லா அலைவரிசையிலும் பரவும் இரைச்சல். 'ச', 'ஸ', 'ஷ' போன்ற உரசொலிகள் இருக்கும் மேல் அலைவரிசையையும் மூடிவிடும். பேச்சு கேட்கும், சொல் புரியாது. ஈக்வலைசரில் மேல் பகுதியைக் குறைத்துவிட்டால், கூரைக்குக் கீழே உட்கார்ந்து கேட்கும் மழையாகிவிடும். வெட்டவெளியில் மழை வேண்டுமென்றால் முதல் இருபது நொடி நன்றாகக் கேட்கவிட்டு அப்புறம் பாதிக்கும் கீழே இறக்கிவிடுங்கள். மழை பெய்கிறது என்பது எல்லோர் மனதிலும் பதிந்திருக்கும்.

வில்லனுக்குத் தனி இசை வைக்கலாமா?

கண்டிப்பாக. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். ஒரு பாத்திரத்துக்கு ஒரு மெட்டை ஒட்டி, அந்த மெட்டு வந்தாலே அந்த ஆள் நினைவுக்கு வரும்படி செய்வதை ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 19-ஆம் நூற்றாண்டிலேயே தன் இசைநாடகங்களில் பெரிய அளவில் செய்துகாட்டினார். மேசையில் இதற்குப் பொறுமை வேண்டும்.

உதாரணமாக, வரி வசூலிக்கும் ஒரு சீமாட்டிதான் பின்னால் எல்லாவற்றையும் இயக்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை செல்லோ வாசிக்கும், சுலபமாக நினைவில் நிற்கும் ஒரு மெட்டைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம், எரிந்துபோன கிராமத்தில் கிழவி ஒருத்தி அவள் பெயரைச் சொல்லும்போது அரை நிமிடம் அதை ஓடவிட்டு நிறுத்துங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள், பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் முத்திரை போட்ட கடிதம் கிடைக்கும்போது மறுபடி. இப்போது ஒருவராவது தலையைத் தூக்குவார். அதன்பின் ஒருநாள், நண்பன் என்று நம்பி ஒரு பிரபுவின் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு சிரிப்பாகப் போகிறது. அந்த செல்லோவை மெதுவாக உள்ளே விடுங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். மேசையில் ஒருவர் பேச்சை நிறுத்துவார், பக்கத்து ஆளைப் பார்ப்பார், கை தானாகப் பகடைப் பக்கம் போகும்.

ஒரு கேம்பைனில் இப்படி ஒரு மெட்டு, மிஞ்சிப்போனால் இரண்டு. எல்லாப் பாத்திரத்துக்கும் வைத்தால் எதுவும் நினைவில் நிற்காது.

பயமூட்டும் காட்சிக்கு?

ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கும் இசையைச் சட்டென்று நிறுத்துங்கள். மெதுவாகக் குறைக்காமல் வெட்டி நிறுத்த வேண்டும். அதற்கப்புறம் மூன்று நொடி நீங்களும் பேசக் கூடாது. பேய்ப்பட அலறல் ஒலிகளைத் தேடுவதைவிட இது பல மடங்கு பலன் தரும். ஆனால் அதற்கு முன் இசை ஓடிக்கொண்டிருந்தால்தான் நிறுத்துவது தெரியும்.

கதைக்குள்ளேயே யாரோ இசை வாசிக்கிற காட்சியும் பயத்துக்கு நன்றாக உதவும். 2016-இல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' சாகசத்தில் ரேவன்லாஃப்ட் கோட்டைக்குள் ஓர் உணவு மண்டபம் வருகிறது. அங்கே ஓர் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு ஆர்கன் வாசிக்கிறது. மண்டபத்துக்கு இரண்டு அறை முன்பே ஆர்கன் இசையைக் கேட்கும் கேட்காத அளவில் தொடங்கி, அவர்கள் நெருங்க நெருங்க ஏற்றுங்கள். பாக் என்ற இசையமைப்பாளரின், எல்லோருக்கும் தெரிந்த ஆர்கன் இசை வேண்டாம், அது கார்ட்டூன் வரைக்கும் போய்விட்டது. பக்ஸ்டஹூட என்ற இசையமைப்பாளரின் டி மைனர் பாஸகாலியா ஒரே அடிமெட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிவருவது, கேட்கக் கேட்க வெளியே வர முடியாத உணர்வு தரும்.

ஆட்டத்தையும் நடத்திக்கொண்டு இசையையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

தனியாக ஒரு பழைய போன் அல்லது டேப்லெட் ஒதுக்குங்கள். அதில் வேறு எந்த அழைப்பும் அறிவிப்பும் வரக் கூடாது. பாட்டுகளை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், நெட் போனாலும் ஆட்டம் நிற்காது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு நழுவும் கிராஸ்ஃபேடை 12 நொடி வரை வைக்கலாம், அதை முழுசாக வைத்துவிடுங்கள். வெறும் எம்.பி.3 கோப்புகளையும் வி.எல்.சி.யையும் வைத்து நடத்தும் டி.எம்.களும் இருக்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

கதவு அறைவது, இடி இடிப்பது மாதிரி ஒற்றை ஒலிகளை ப்ளூடூத் ஸ்பீக்கரில் நம்பாதீர்கள். பட்டனை அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் தெரியும்படி தாமதம் இருக்கும். ஒயர் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது வாயாலேயே சொல்லிவிடுங்கள்.

விருப்பமுள்ள ஆட்டக்காரர் ஒருவரிடம் இசைப் பொறுப்பைக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பயணத்துக்கும் ஓய்வுக்கும் கொடுக்கலாம். பதற்றமும் வில்லன் மெட்டும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், என்ன வரப்போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆன்லைனில் ஆடும்போது?

ஆன்லைனில் குழுவாகப் பேச உதவும் டிஸ்கார்டில் முன்பு எல்லோரும் நம்பியிருந்த, தானாகப் பாட்டுப் போடும் க்ரூவி, ரிதம் என்ற பாட் (bot) நிரல்கள் யூடியூப் தரப்பு ஆட்சேபித்ததால் 2021-இல் மூடப்பட்டன. இப்போது கென்கு எஃப்.எம். என்ற இலவச மென்பொருள் அந்த இடத்தில் இருக்கிறது, உங்கள் கணினியிலிருந்து இசையை நேராக டிஸ்கார்டுக்கு அனுப்பும். ஆன்லைனில் ஆட்ட மேசையை அமைத்துத் தரும் ரோல்20, ஃபவுண்ட்ரி இரண்டிலும் இசைக்கு வசதி உண்டு. ரோல்20-இல் ஜூக்பாக்ஸ் இருக்கிறது. ஃபவுண்ட்ரியில் வரைபடத்தின் ஒரு மூலையில் ஒலியை வைத்துவிட்டால், பாத்திரம் பக்கத்தில் போகும்போது மட்டும் கேட்கும். ஓடைச் சத்தத்தை அப்படி வைத்துப் பாருங்கள், வழி தெரியாத ஆட்டக்காரர்கள் காதை வைத்தே வழி கண்டுபிடிப்பார்கள்.

ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு மைக் வழியாக அனுப்ப மட்டும் முயல வேண்டாம். டிஸ்கார்டின் இரைச்சல் நீக்கும் வசதி இசையையும் இரைச்சல் என்று நினைத்து நறுக்கிவிடும். ஆன்லைனில் ஒரு பெரிய வசதி, இசை தனியாக வந்தால் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய அளவில் வால்யூமை வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் அதைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் கொடுங்கள்.

காசு செலவு செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. டேபிள்டாப் ஆடியோ என்ற தளத்தில் இந்த ஆட்டங்களுக்காகவே செய்த, சுமார் பத்துப் பத்து நிமிட ஒலித்தடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் யாருக்கும் முதலில் காட்டுவது அதைத்தான். ஒற்றை ஒலிகளுக்கு பார்சிலோனா பல்கலைக்கழகம் ஒன்றில் 2005-இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளம். சிரின்ஸ்கேப் என்ற செயலி, வாள் மோதல், அலறல், இசை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கலக்கித் தரும். நன்றாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் முழுசாகப் பயன்படுத்தச் சந்தா கட்ட வேண்டும். வாரா வாரம் நடத்துபவர் என்றால் யோசிக்கலாம். யூடியூபை விளம்பரத்தோடு போடுவதாக இருந்தால் போடாமலே இருப்பது மேல். சாகக் கிடக்கும் தோழனிடம் ஒருவர் விடைபெறும் நேரத்தில் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தால் அந்தக் காட்சியை மீட்கவே முடியாது.

எங்கள் ஆட்டத்தை ட்விட்ச் அல்லது யூடியூபில் ஒளிபரப்புகிறோம். அதே இசையைப் போடலாமா?

வீட்டுக்குள் போடும் இசை வேறு, ஊருக்கு ஒளிபரப்பும் இசை வேறு. 2020 அக்டோபரில் பதிப்புரிமைப் புகார்களால் ட்விட்ச் ஏராளமான பழைய வீடியோக்களை மொத்தமாக நீக்கியது. உரிமம் தெளிவாக இருக்கும் இசையை மட்டும் பயன்படுத்துங்கள். கெவின் மக்லியாட் வெளியிட்ட இசையில் பெரும்பகுதி, அவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. பழைய செவ்வியல் இசை என்றால் இலவசம்தானே என்று நினைக்க வேண்டாம். இசையமைப்பின் உரிமை முடிந்திருக்கும், அதை வாசித்துப் பதிவுசெய்த குழுவின் உரிமை முடிந்திருக்காது.

ஒருவருக்கு மட்டும் இசை தொந்தரவாக இருக்கிறது. என்ன செய்வது?

நிறுத்திவிடுங்கள். காது சற்று மந்தமாக இருப்பவர்களுக்கும், பல சத்தங்களுக்கு நடுவில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்கச் சிரமப்படுபவர்களுக்கும் பின்னணி இசை உண்மையான தடை. அதை வாய்விட்டுச் சொல்லவும் பலர் தயங்குவார்கள். அதனால் கேம்பைன் தொடங்கும் முன் நடக்கும் முதல் சந்திப்பிலேயே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். ஆட்டம் தொடங்கும்போதும் இடைவேளையிலும் மட்டும் இசை, பேசும்போது அமைதி என்று பல குழுக்கள் சந்தோஷமாக ஆடுகின்றன.

பாணர் பாத்திரம் ஆடுபவர் தன் பாட்டைத் தானே போடலாமா?

தாராளமாக. அரை நிமிடத்துக்குள் இருக்கட்டும், அவ்வளவுதான். அவரே வாய்விட்டுப் பாடினால் இன்னும் நல்லது, அப்போது உங்கள் இசையை முழுக்க நிறுத்திவிடுங்கள்.

இன்று சாயங்காலமே ஆட்டம். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

டேபிள்டாப் ஆடியோவில் அமைதியாக ஒன்று, பதற்றமாக ஒன்று, சண்டைக்கு ஒன்று என்று மூன்றே மூன்று தடங்களை எடுங்கள். போனில் இறக்கி, 1, 2, 3 என்று பெயர் வைத்து, மூன்றையும் லூப்பில் ஓடும்படி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு இரண்டு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். ஃபேனைப் போட்டு, ஆட்டக்காரர் உட்காரும் நாற்காலி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து வால்யூமைச் சரிபாருங்கள். வில்லன் மெட்டு, மழை, ஆர்கன் எல்லாம் அடுத்த வாரம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.